பட்டினி கிடந்தாலும் நிற்காத பேதி: வி.ஐ.பி. ஹார்மோனோடு எங்கள் அனுபவம்

பொருநைக்கரையான்:

அப்பாவுக்குப் பேதி நிற்கவில்லை, பொட்டாசியம் ஏற்றினாலும் இறங்கிவிடுகிறது என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் அம்மாவுக்கு அச்சு அசலாக இதே கதைதான். விரிவாகவே சொல்கிறேன்.

வெளிறிய டீத்தண்ணீர் மாதிரி போகும். ரத்தம் இல்லை, சளி இல்லை, வயிற்றுவலியும் பெரிதாக இல்லை. முதலில் கிருமி என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், அப்புறம் பூச்சி மருந்து, அப்புறம் மனக்கவலையால் வரும் ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்) என்றார்கள். சொந்தக்காரர்கள் பங்குக்கு மாதுளைத் தோல் கஷாயம். எதற்கும் அசையவில்லை. ஒருநாள் கட்டிலிலிருந்து எழவே முடியாமல் கால் இரண்டும் துவண்டுவிட்டன. பொட்டாசியம் 2.1. டிரிப்ஸில் ஏற்றினார்கள், வீட்டுக்கு வந்தோம், மறுபடி அதே நிலை.

பெரிய ஆஸ்பத்திரியில் வயசில் சின்ன டாக்டரம்மா ஒருவர்தான் சரியான கேள்வியைக் கேட்டார்: "ராத்திரி தூக்கத்துல இருந்து எழுந்து போறாங்களா? சாப்பிடாம இருந்தா குறையுதா?" எழுந்து போகிறார், குறையவில்லை என்றோம். உடனே அட்மிட் செய்து, வாய்வழியாக ஒன்றும் கொடுக்காமல் டிரிப்ஸ் மட்டும் போட்டு, போவதை அளந்தார்கள். ஒரு நாளில் மூன்று லிட்டருக்கு மேல். உணவு செரிக்காததால் வரும் பேதி பட்டினி போட்டால் அடங்கும். குடல் தானாகவே நீரைச் சுரந்து தள்ளினால் அடங்காது.

சுரக்கச் சொன்னது வாசோஆக்டிவ் இன்டெஸ்டினல் பெப்டைடு, சுருக்கமாக வி.ஐ.பி. 28 அமினோ அமிலங்கள் கோத்த குட்டி மூலக்கூறு. 1970-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் சாமி சையது, விக்டர் மட் (Mutt) என்ற இரு விஞ்ஞானிகள் பன்றியின் குடலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நம் எல்லோருக்கும் நரம்பு முனைகளில் இது இருக்கிறது. அங்கேயே சுரந்து, பக்கத்துத் தசையைத் தளர்த்தி, ரத்தக் குழாயை விரித்து, ஓரிரு நிமிடத்தில் சிதைந்துவிடும். அம்மாவுக்குக் கணையத்தின் வால் பகுதியில் இருந்த கட்டி அதை ஓயாமல் ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. குடல் செல்லுக்குள் கட்டளையைக் கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறு ஏறி, குளோரைடும் தண்ணீரும் வெளியே பாய்கின்றன. காலரா நஞ்சும் அதே வழியில்தான் வேலை செய்கிறது (அந்த நஞ்சைக் கல்கத்தாவில் எஸ்.என். டே என்ற விஞ்ஞானி 1959-இல் நிரூபித்தார், நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயரைப் பார்த்த ஞாபகமே இல்லை). இந்த நோய்க்கு 'கணையக் காலரா' என்றே ஒரு பெயர் உண்டு. வெர்னர், மாரிசன் என்ற இரு டாக்டர்கள் 1958-இலேயே இதை விவரித்துவிட்டார்கள், அப்போது வி.ஐ.பி.யே கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆக்ட்ரியோடைடு ஊசி போட்ட சில நாளிலேயே பேதி நன்றாகக் குறைந்தது. கட்டியை அந்த ஊசி கரைக்காது, சுரப்பைத்தான் அடக்கும். உப்புகள் சரியான பிறகு கணைய வாலையும் மண்ணீரலையும் சேர்த்து எடுத்தார்கள். கல்லீரலிலும் சின்னதாக இருக்கிறது, அதனால் மாதம் ஒரு ஊசி தொடர்கிறது. வருடத்தில் ஒரு கோடிப் பேரில் ஒருவருக்கு வரும் நோய் என்கிறார்கள். அதனால் முதல் டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஒரு கேள்வியை யாராவது முன்பே கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

லேப் சாந்தி:

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. லேப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ரத்தத்தில் வி.ஐ.பி. அளவைப் பார்க்கும் டெஸ்டுக்கு வெறும் வயிற்றில், ஐஸில் வைத்த குழாயில் ரத்தம் எடுத்து, உடனே சுழற்றி, பிளாஸ்மாவை (மேலே பிரியும் நீர்ப்பகுதியை) உறைய வைத்து அனுப்ப வேண்டும். சாதாரண ரத்தம் மாதிரி மேஜைமேல் கிடந்தால் பெப்டைடு சிதைந்து, அளவு குறைவாகக் காட்டிவிடும். எங்களிடம் வந்த ஒரு சாம்பிள் வெயிலில் பைக்கில் பயணம் செய்து வந்திருந்தது, திருப்பி அனுப்பிவிட்டோம். பேதி நடக்கும் சமயத்தில் எடுப்பதும் முக்கியம்.

கோவை ராஜி:

எனக்கு நேர் எதிர். அக்கலேசியா. உணவுக்குழாயின் அடிவாசலைத் திறக்கச் சொல்லும் நரம்பு செல்கள் அழிந்துபோன நோய். அவை நைட்ரிக் ஆக்சைடையும் வி.ஐ.பி.யையும் வைத்துத்தான் தசையைத் தளர்த்துமாம். எனக்கு இட்லியே தொண்டைக்குக் கீழே நின்றது. எண்டோஸ்கோப் வழியாகத் தசையை வெட்டிவிட்டார்கள் (போயம் என்பார்கள்). இப்போது பிரியாணி வரைக்கும் இறங்குகிறது, நெஞ்செரிச்சல் மாத்திரைதான் கூட வருகிறது.

மாட்டு டாக்டர்:

நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. கோழி அடைக்கு உட்கார்ந்து முட்டையை நிறுத்துகிறதே, அதற்கு முக்கியக் காரணம் புரோலாக்டின் என்ற ஹார்மோன். பறவைகளில் அதைச் சுரக்கத் தூண்டுவது மூளையின் வி.ஐ.பி. வான்கோழிக்கு வி.ஐ.பி.க்கு எதிராகத் தடுப்பூசி போட்டு, அடை உட்காருவதைக் குறைத்தே காட்டியிருக்கிறார்கள். நம்மூரில் இன்னும் தண்ணீரில் முக்கி எடுப்பதுதான்!

சேலம் குமார்:

கொரோனா சமயத்தில் இதே பெப்டைடை அவிப்டடில் என்ற மருந்தாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார்களே? மாமா ஐ.சி.யூ.வில் இருந்தபோது எல்லா இடத்திலும் தேடி அலைந்தோம்.

லேப் சாந்தி:

நுரையீரலையும் அது காக்கும் என்பதால் எழுந்த நம்பிக்கை அது. ஆனால் மூச்சுத் திணறல் முற்றிய நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் பயன் தெரியவில்லை, 2022-இல் நிறுத்திவிட்டார்கள். கிடைக்காததால்தான் மாமாவுக்கு ஏதோ ஆனது என்று மனசைப் போட்டு உழப்பாதீங்க.

பொருநைக்கரையான்:

முதலில் கேட்டவருக்கு: நாளைக்கே கேஸ்ட்ரோ (வயிறு, குடல்) டாக்டரிடம் பட்டினியில் பேதி நிற்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். பொட்டாசியத்தோடு பைகார்பனேட், கால்சியம், சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை முறை போகிறார் என்பதைவிட எத்தனை லிட்டர் என்று எழுதி வையுங்கள். பொட்டாசியம் குறைந்து நடக்கச் சிரமப்பட்டாலோ நெஞ்சு படபடத்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள், அப்போதே கூட்டிப் போங்கள்.