இனிப்பும் உப்பும் சேர்ந்த சாக்லேட் கொத்து: மதுரை வெயிலில் செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க

திருநகர்க்காரி:

ஓவன் வேண்டாம், பாகுப் பதம் பார்க்க வேண்டாம். சாக்லேட்டை உருக்கி, கையில கிடைச்சதைப் போட்டுக் கிளறி, ஸ்பூனால அள்ளி வெச்சா முடிஞ்சது. இதுல பகிர என்ன இருக்குன்னு கேட்பீங்க. பெங்களூர்ல இருக்கிறவங்க சொல்ற அளவை அப்படியே எடுத்து மதுரையில சித்திரை மாசம் செஞ்சு பாருங்க, அப்பத் தெரியும். கொடைக்கானல்ல வாங்குற ஹோம்மேட் சாக்லேட்டே மலையை விட்டு இறங்கி வத்தலக்குண்டு வர்றதுக்குள்ள கவரோட ஒட்டிக்கிது. அதனால நம்ம ஊர்ப்பக்கம் செஞ்சவங்க அனுபவத்தைத்தான் கேக்குறேன்.

என் கணக்கை முதல்ல சொல்லிடுறேன். கால் கிலோ டார்க் காம்பவுண்ட் (கோகோ கொட்டைக் கொழுப்புக்குப் பதிலா வேற தாவரக் கொழுப்பு சேர்த்த சாக்லேட் கட்டி), தோல் நீக்கின வறுத்த நிலக்கடலை ஒண்ணரைக் கப், கையால நொறுக்கின உப்பு பிஸ்கட் ஒரு கைப்பிடி, ஒண்ணும் பாதியுமா தட்டின கல்லுப்பு கால் டீஸ்பூன். சட்டியில கொஞ்சமாத் தண்ணி கொதிக்க வெச்சு, அடுப்பை அணைச்சிட்டுத்தான் சாக்லேட் பாத்திரத்தை மேல வைப்பேன். அடியில இருக்கிற தண்ணி மேல் பாத்திரத்தைத் தொடக் கூடாது. முக்கால்வாசி உருகினதும் இறக்கிருவேன், மிச்சம் கிளறக் கிளறத் தானா உருகிரும். கடலை, பிஸ்கட்டைக் கொட்டிப் பிரட்டி, பட்டர் பேப்பர்ல சின்னச் சின்னக் குவியலா வெச்சா 25 கிட்ட வரும்.

உப்பைக் கலவைக்குள்ள போடுறதில்ல, மேலதான் தூவுறேன். குவியல் வெச்ச கையோட தூவினா முங்கிரும். இறுகினப்புறம் தூவினா உதிர்ந்துரும். பளபளப்பு குறைஞ்சு மேல்பக்கம் மங்கத் தொடங்கும் பாருங்க, அந்த நேரம்தான். சாக்லேட்ல தண்ணிங்கிறதே கிடையாது, அதனால உப்புக் கல்லு கரையாம அப்படியே நிக்கும். ஒரு கடி இனிப்பு, அடுத்த கடியில சுருக்குன்னு உப்பு. தூள் உப்புல அந்த வேலை நடக்காது, மொத்தமும் ஒரே கரிப்பாப் போயிரும்.

உசிலம்பட்டி மருமக:

அக்கா, நீங்க கடலையை ஒரே வரியில தாண்டிட்டீங்க. சாக்லேட் நல்லதோ சுமாரோ, கடலை சரியில்லைன்னா எல்லாம் வீண்.

எங்க வீட்டுல சொந்தக் காட்டுக் கடலை. நான் சாக்லேட் மேல உப்புத் தூவுறதை எங்க வீட்டுக்காரரோட அப்பத்தா திண்ணையில உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "ஏத்தா, இனிப்புல போயி உப்பைக் கொட்டுறியே, என்னா பக்குவம் இது?"ன்னாங்க. ஒண்ணு வாயில போட்டாங்க. பதிலே வரலை. இன்னொண்ணு எடுத்தாங்க. அப்புறம், "ஒப்புட்டுப் பூரணத்துக்கு ஒரு கல்லு உப்புப் போடுறோம்ல, தப்பில்ல. ஆனா கடலையை நீ வறுக்கலை, சுட வெச்சு எடுத்திருக்க"ன்னு சொல்லிட்டு அவங்களே எந்திரிச்சிட்டாங்க.

இரும்புச் சட்டியில சலிச்ச ஆத்து மணலைப் போட்டு, மணல் நல்லா காஞ்சதும் தோலோட இருக்கிற பருப்பைக் கொட்டினாங்க. வெறும் சட்டியில வறுத்தா அடிப்பக்கம் கருகும், மேல்பக்கம் பச்சையா இருக்கும். மணல் சுத்தி வர சூடு கொடுக்குது. கரண்டி நிக்கவே கூடாது. படபடன்னு வெடிக்கிற சத்தம் அடங்கும்போது ஒண்ணை எடுத்து ரெண்டாப் பிளந்து பார்க்கச் சொன்னாங்க. உள்பக்கம் லேசா செவந்திருந்தா இறக்கிரணும், மிச்ச வேக்காட்டை அந்தச் சூடே பார்த்துக்கும். சல்லடையில மணலைச் சலிச்சுவிட்டு, முழுசா ஆறினப்புறம் உள்ளங்கையில தேய்ச்சு முறத்துல புடைச்சா தோல் பறந்துரும்.

சூட்டோட சாக்லேட்ல போடாதீங்க. ஆறாத கடலையில ஈரம் இருக்கும், மறுநாள் கொத்து நமத்துப் போகும். கடையில வாங்குறவங்க ரெண்டு பருப்பைத் தின்னு பார்த்து வாங்குங்க. சிக்கு வாடை லேசா இருந்தாலும் சாக்லேட் அதை மறைக்காது, இன்னும் எடுத்துக் காட்டும்.

அனுப்பானடி:

கடலையில எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. காம்பவுண்ட்லதான் இருக்கு. நாக்குல மெழுகு மாதிரி படியுது, அதைச் சாக்லேட்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

ஒரு கடையில ரெண்டு கட்டியை எடுத்து வெச்சு, "ரெண்டும் ஒண்ணுதான் சார், இது விலை கம்மி"ன்னாங்க. ஒண்ணு இல்ல. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. கோகோ பட்டர் (கோகோ கொட்டையோட கொழுப்பு)னு போட்டிருந்தா அசல். ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்னு போட்டிருந்தா காம்பவுண்ட், அதாவது கோகோ பட்டருக்குப் பதிலா வேற தாவரக் கொழுப்பு. கோகோ பட்டர் உருகுறது 34 டிகிரி வாக்குல. நம்ம உடம்புச் சூடு 37. அதனாலதான் நல்ல சாக்லேட் வாயில போட்டதும் கரையுது. அதே காரணத்தாலதான் மே மாச மத்தியானத்துல அடுக்களை மேடையிலயே கரையுது!

அசலை வெறுமனே உருக்கி ஊத்தினாலும் இறுகத்தான் செய்யும். ஆனா மேல வெள்ளைக் கோடு கோடா வரும், தொட்டா கையில ஒட்டும். கோகோ பட்டர் பல விதமா உறையும், அதுல ஒரு விதம் மட்டும்தான் பளபளப்பும் டக்குனு உடையுற உடைசலும் கொடுக்கும். அதுக்குத்தான் டெம்பரிங். டார்க் சாக்லேட்டா இருந்தா 45லேர்ந்து 50 டிகிரி வரை சூடாக்கி, 28 வாக்குல இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏத்தணும்.

தெர்மாமீட்டர் இல்லாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு. மூணுல ஒரு பங்கை உருக்காம நறுக்கி வெச்சுக்கங்க. உருக்கின ரெண்டு பங்குல அதைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் கிளறிக்கிட்டே இருங்க. ஒரு துளியை உதட்டுக்குக் கீழ வெச்சா சூடு தெரியக் கூடாது, லேசாக் குளிரணும். கத்தி நுனியில தடவி வெச்சா அஞ்சு நிமிஷத்துக்குள்ள இறுகணும். இறுகலைன்னா இன்னும் கிளறணும்.

ரூமே 35 டிகிரி இருந்தா இதெல்லாம் நடக்காது. மார்கழி, தை மாசக் காலைதான் மதுரைக்குச் சாக்லேட் காலம். ஏசி போட்டுச் செய்யலாமேம்பீங்க. எங்க வீட்டுல ஏசி இருக்கிறது படுக்கையறையில. கட்டில்ல பேப்பர் விரிச்சு சாக்லேட் ஊத்தினா அப்புறம் எனக்குச் சோறு கிடைக்காது.

திருநகர்க்காரி:

அண்ணே, சரி, மார்கழிக்கு அசல், சித்திரைக்குக் காம்பவுண்ட்னு வெச்சுக்கலாம். பிள்ளைக லீவு விடுறது சித்திரையிலதானே!

ஒத்தக்கடை:

சாக்லேட் கெட்டியா இருந்தா ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடுங்கன்னு வீடியோ போடுற எல்லாரும் சொல்றாங்க. விட்டா அழகா ஓடும், அது உண்மை. ஆனா தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலயே உருகிரும். நம்ம ஊர்ல அது கட்டியா நின்னு யாராவது பார்த்திருக்கீங்களா, மார்கழியைத் தவிர? எண்ணெய் சேர்த்த கொத்து ஃப்ரிட்ஜை விட்டு வெளிய வந்ததும் கொழகொழன்னு ஆயிரும். கெட்டியா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

பழங்காநத்தம்:

அக்கா மகன் பிறந்த நாளுக்கு அவங்க வீட்டுல பார்த்தது. சாக்லேட் சீக்கிரம் உருகட்டும்னு யாரோ மேல தட்டைப் போட்டு மூடிட்டாங்க. தட்டுல ஆவி படிஞ்சு நாலு சொட்டுத் தண்ணி உள்ள விழுந்துச்சு. அவ்வளவுதான், பார்த்துக்கிட்டு இருக்கும்போதே திரிஞ்சு, ஈர மண்ணாட்டம் கட்டி கட்டியா ஆயிருச்சு. சாக்லேட்ல இருக்கிற சர்க்கரைத் தூள் அந்தத் துளி ஈரத்தை இழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிதாம். கூடக் கொஞ்சம் சூடு காட்டலாம்னு அடுப்பைக் கூட்டினாங்க, இன்னும் மோசமாச்சு.

மாமா பேக்கரியில வேலை பார்த்தவர். கொதிக்கிற பாலைக் கொண்டுவரச் சொல்லி, ஸ்பூன் ஸ்பூனா விட்டு வேகமாக் கிளறினார். துளித் தண்ணிக்குத்தான் திரியும், தாராளமா விட்டா இளகிரும்னார். வழவழன்னு சாஸா வந்துருச்சு. கொத்துக்கு இனி ஆகாது, ஏன்னா அது இறுகாது. வறுத்த கடலையைக் கிண்ணத்துல போட்டு, நறுக்கின வாழைப்பழம் வெச்சு, மேல இந்தச் சாஸையும் ரெண்டு கல்லு உப்பையும் போட்டுக் கொடுத்தாங்க. பிள்ளைகளுக்கு முதல்ல என்ன செய்ய நெனச்சாங்கன்னே தெரியாது.

வில்லாபுரம்:

நான் தீபாவளிக்கு ஆர்டர் எடுத்துக் கொடுக்கிறேன். எனக்கு வெயிலை விட ஐப்பசி மழைதான் பெரிய தலைவலி. கல்லுப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். அடைமழை நாள்ல திறந்து வெச்ச தட்டுல உப்பு வேர்த்து, சின்னச் சின்னத் தண்ணி முத்தா நிக்கும். அதனால மழை நாள்ல இறுகினதும் டப்பாவுல அடைச்சிடணும்.

ஃப்ரிட்ஜ் விஷயமும் அதே கதைதான். ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்ததும் மூடியைத் திறந்தா வெளிக் காத்துல இருக்கிற ஈரம் சாக்லேட் மேல படியும். காஞ்சதும் சொரசொரன்னு வெள்ளை பூக்கும். டப்பாவை மூடினபடியே வெளிய வெச்சு, குளிர்ச்சி விட்டப்புறம் திறங்க. வேர்க்கிறது டப்பாவோட போகட்டும். சொரசொரப்பா இல்லாம வழவழன்னு வெள்ளை படிஞ்சிருந்தா அது வெயில் பட்டுக் கொழுப்பு மேல வந்தது. ரெண்டுமே பூசணம் இல்ல, சாப்பிடலாம். ஆனா காசு கொடுத்து வாங்குறவங்ககிட்ட அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

விக்கிறதா இருந்தா எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம் எடுத்துக்கங்க. டப்பா மேல கடலை சேர்த்ததுன்னு பெரிசா எழுதுங்க, ஒத்துக்காத பிள்ளைக இருக்கு.

ரயில் பயணி:

எல்லாரும் பிஸ்கட்டு, கடலைன்னே பேசுறீங்க. ஊரைச் சுத்தி இவ்வளவு உப்புப் பண்டம் இருக்கும்போது வெளிநாட்டுக்காரங்க பிரெட்செல்ங்கிற மொறுமொறு உப்புப் பண்டத்தைப் போடுறாங்களேன்னு ஏங்க வேண்டாம். மணப்பாறை முறுக்கை நொறுக்கிப் போட்டுப் பாருங்க. 2023ல புவிசார் குறியீடு வாங்கின முறுக்கு அது. எள்ளு, சீரகம், ஓமம் எல்லாம் சாக்லேட்டோட சண்டை போடாது, ஓமம் கடிபடுற இடம்தான் எனக்குப் பிடிச்சதே. எண்ணெய்ப் பண்டம்கிறதால சாக்லேட்டுக்குள்ள நமத்தும் போகாது.

கோவில்பட்டி கடலைமிட்டாயை உடைச்சு, டார்க் சாக்லேட்ல முக்கி, உப்புத் தூவினதும் நல்லா இருந்துச்சு. அதுக்கு 2020லயே குறியீடு கிடைச்சிருச்சு. ஆனா வெல்லமும் சேர்றதால ஒண்ணுக்கு மேல திங்க முடியலை. சாத்தூர்ச் சேவையும் விடலை. அதுல பூண்டு இருக்கும். சாக்லேட்டும் பூண்டும் சேர்ந்து ஒரு வாசனை வருது, வேண்டாங்க. பூண்டு போடாத ஓமப்பொடி இருந்தா தாராளமாப் போடலாம்.

அனுப்பானடி:

உசிலம்பட்டி மருமகளுக்கு ஒரு கேள்வி. ஆத்து மணலுக்கு இப்ப எங்கம்மா போறது? வைகையில கை வைக்க முடியுமா?

உசிலம்பட்டி மருமக:

அண்ணே, மணல் இல்லாட்டி கல்லுப்புலயே வறுக்கலாம். அதே இரும்புச் சட்டி, அதே சூடு. அரைக் கிலோ உப்புக்கு ஒரு கப் பருப்பு தாங்கும். வறுத்த உப்பை ஆற வெச்சு டப்பாவுல போட்டு வெச்சா திரும்பத் திரும்ப வறுக்க ஆகும், குழம்புக்கு மட்டும் எடுத்துறாதீங்க. கடலையில கொஞ்சம் உப்பு ஏறியிருக்கும், மேல தூவுறதைப் பாதியாக் குறைச்சுக்கங்க.