புதுப்பிப்பு: வத்தல்மலை காபிக் கொட்டையில் புளித்த வாடை – தீர்ந்துவிட்டது

வத்தல்மலையில் இருந்து அராபிகா வகைக் காபிப் பழம் வாங்கிவந்து தருமபுரியில் தோல் நீக்கி ஊறவைக்கிறேன், காய்ந்த பிறகும் கொட்டையில் புளித்த வாடை அடிக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது வாடை சுத்தமாக இல்லை.

கைகொடுத்தது ஏற்காட்டு நண்பரின் யோசனைதான்: "கடிகாரத்தைப் பார்க்காதீங்க, தேய்ச்சுப் பாருங்க." தொட்டியில் இருந்து ஒரு பிடி அள்ளிக் கழுவித் தேய்த்தால், கொட்டையைச் சுற்றியுள்ள பழப்பசை இருக்கும்வரை வழுக்கிக்கொண்டு போகும், பசை விட்டதும் பொடிக்கல்லை உரசுவதுபோல் கரகரக்கும். உடனே கழுவிவிட வேண்டும். மலைக் குளிரில் ஊறவைக்கச் சொல்லும் 24 முதல் 36 மணி நேரம் நம்ம ஊர்ச் சூட்டுக்குச் சரிவராது, பசை அதற்கு வெகு முன்பே விட்டுவிடுகிறது; அதன் பிறகும் ஊறியதால்தான் புளித்த வாடை. நடுவில் தண்ணீர் மாற்றியும் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை.

எதிர்பாராதது காயவைக்கும்போது வந்தது. உச்சி வெயிலில் கொட்டையின் மேலோடு வெடித்தது. அப்புறம் மதியம் மட்டும் பச்சை நிழல்வலை போட்டு, அடிக்கடி கிளறிவிட்டேன்; வெடிப்பு நின்றது. ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு வந்ததும் சாக்கில் கட்டலாம்.