"குமாரனும் அறியார்": ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

தேரிக்காடு:

எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். போன வாரம் மாற்கு 13. "அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான், பரலோகத்திலுள்ள தூதர்களும் அறியார்கள், குமாரனும் அறியார்" என்று வாசித்ததும் ஒரு பிள்ளை எழுந்து, "இயேசு கடவுள்தானே சார், அப்புறம் எப்படி அவருக்குத் தெரியாமல் போகும்?" என்று கேட்டாள். கடவுளாக அவருக்குத் தெரியும், மனிதனாகத் தெரியாது என்று எல்லோரும் சொல்கிற பதிலைத்தான் நானும் சொன்னேன். அவள் விடவில்லை. "அப்போ அவருக்குள்ளே ரெண்டு பேர் இருக்காங்களா? ஒருத்தருக்குத் தெரியும், இன்னொருத்தருக்குத் தெரியாதா?" என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. வரும் ஞாயிறு கட்டாயம் திரும்பக் கேட்பாள்.

நான் சொன்ன பதில் எந்தக் காலத்தில் யார் சொன்னது? அவள் கேட்ட மறுகேள்விக்கு சபைப் பிதாக்கள் (ஆரம்ப நூற்றாண்டுகளின் சபை ஆசான்கள்) யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா? இன்னொன்று, மத்தேயு 24:36இல் இதே வசனம் இருக்கிறது, ஆனால் நம் வேதாகமத்தில் அங்கே "குமாரனும்" இல்லை. ஏன்? பிரசங்கம் வேண்டாம், வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி:

பிரதர், அந்தப் பிள்ளை இரண்டே கேள்வியில் முதல் ஐந்து நூற்றாண்டுச் சண்டையைத் தொட்டுவிட்டாள்.

நீங்கள் சொன்ன பதில் நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சந்திரியாவில் ஆயராக இருந்த அத்தனாசியுஸ் சொன்னது. அலெக்சந்திரியாவில் மூப்பராக இருந்த ஆரியுஸ், குமாரனுக்கு ஒரு தொடக்கம் உண்டு, அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று இருந்தது, படைப்புகளில் முதன்மையானவர்தான் ஆனால் படைப்புதான் என்றார். 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் அதை மறுத்து, குமாரன் உண்டாக்கப்பட்டவர் அல்ல, பிதாவோடே ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. ஆனால் சண்டை அதோடு ஓயவில்லை, இன்னும் அரை நூற்றாண்டு நீண்டது. அந்தக் காலத்தில் ஆரியுஸ் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப எடுத்த வசனங்களில் இது ஒன்று. தெரியாதவர் எப்படிக் கடவுளாவார் என்பது அவர்கள் வாதம். அத்தனாசியுஸ், ஆரியருக்கு எதிரான தன் மூன்றாம் உரையில், அறியாமை மாம்சத்துக்கு உரியது, வார்த்தையானவருக்கு (மனிதனாகுமுன்பே பிதாவோடு இருந்த குமாரனுக்கு) உரியது அல்ல என்று பதில் எழுதினார். யோவான் 17:1இல் "பிதாவே, வேளை வந்தது" என்று சொல்கிறவருக்கா வேளை தெரியாது என்றும் கேட்டார். கெட்டிக்கார வாதம்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. மாம்சத்துக்கு அறியாமை என்கிறோமே, தசைக்கும் எலும்புக்கும் தெரிவதும் தெரியாததும் ஏது? அறியாமல் இருக்க ஒரு மனம் வேண்டும். இயேசுவுக்கு மனித மனம் இருந்ததா என்பதை அத்தனாசியுஸ் தன் பதிலில் எங்கும் முன்னிறுத்தவே இல்லை. ஆரியுஸ் தரப்போ, வார்த்தையானவர் ஒரு உடலை எடுத்தார், மனித ஆத்துமாவை அல்ல என்றே நினைத்தது. அப்படியானால் அறியாமை நேரே வார்த்தையானவர் தலையில்தான் விழும். அவர்கள் கையில் இந்த வசனத்துக்கு அவ்வளவு கூர்மை வந்தது அதனால்தான்.

பிறகு லவோதிக்கேயாவின் அப்பொல்லினாரியுஸ் வந்தார். அவர் ஆரியுஸின் எதிரி, நிசேயா கட்சிக்காரர். அவரே, இயேசுவுக்கு மனித மனம் கிடையாது, அந்த இடத்தில் வார்த்தையானவர் இருந்தார் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் அவரைத் தள்ளியது. நசியான்சுஸ் ஊர் கிரகோரி அப்போது சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: எதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லையோ அதை அவர் குணமாக்கவும் இல்லை. பாவம் செய்யத் துணிவது மனிதனின் மனம்தான், அதை விட்டுவிட்டு உடலை மட்டும் இரட்சித்து என்ன செய்வது என்பது அவர் கேள்வி.

மலைக்கு_இந்தப்பக்கம்:

பழஞ்சுவடி அண்ணன் முதல் கேள்வியை முடித்துவிட்டார். "ரெண்டு பேரா?" என்பதற்கு நான் வருகிறேன். நான் மார்த்தாண்டம் பக்கம், வீட்டில் பாதிப்பேர் சிரியன் மரபில் வந்த மலங்கரை சபை, அதனால் இந்த விஷயம் எங்களுக்கு அடுப்படிப் பேச்சு.

428இல் கொன்ஸ்தாந்திநோப்பிளின் தலைமை ஆயரான நெஸ்தோரியுஸ், மரியாளை "தேவனைப் பெற்றவள்" என்று சொல்லத் தயங்கினார், "கிறிஸ்துவைப் பெற்றவள்" போதும் என்றார். பசித்ததும் அழுததும் அறியாதிருந்ததும் மனிதத் தரப்பு, அதைக் கடவுள்மேல் ஏற்றக்கூடாது என்பது அவர் கவலை. அலெக்சந்திரியாவின் சிரில் கொதித்தெழுந்தார். நெஸ்தோரியுசுக்கு எழுதிய மூன்றாம் கடிதத்தின் கடைசியில் பன்னிரண்டு சாபங்களை வைத்தார். அதில் நாலாவதைக் கவனியுங்கள்: சுவிசேஷத்தில் உள்ள சொற்களை இரண்டு ஆட்களுக்குப் பங்குபோட்டு, சிலதை மனிதனுக்கும் சிலதைக் கடவுளுக்கும் தனித்தனியே ஒதுக்குகிறவன் சபிக்கப்பட்டவன். உங்கள் வகுப்புப் பிள்ளையின் மறுகேள்வி அப்படியே இதுதான்!

431இல் எபேசுவில் நடந்த கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. அந்தியோகியா ஆயர்கள் வந்து சேருமுன்னே சிரில் கூட்டத்தைத் தொடங்கி, அன்றைக்கே நெஸ்தோரியுசைப் பதவியிறக்கினார். சில நாள் கழித்து வந்த அந்தியோகியாவின் யோவான், தனியாக ஒரு கூட்டம் போட்டு சிரிலைப் பதவியிறக்கினார். இரண்டு வருஷம் கழித்து, 433இல், இருவரும் ஒரு சமாதான அறிக்கைக்கு வந்தார்கள். அதில்தான் உங்களுக்கு வேண்டிய வரி இருக்கிறது. ஆண்டவரைப் பற்றிய சொற்களில் சிலதை ஒரே ஆளுக்குப் பொதுவாகவும், சிலதை தெய்வம், மனிதம் என்ற இரண்டு சுபாவங்களுக்குத் தக்கபடி பிரித்தும் சொல்லலாம் என்று சிரில் ஒப்புக்கொண்டார். சுபாவத்தைப் பிரித்துப் பேசலாம், ஆளைப் பிரிக்கக்கூடாது. 451இல் கால்செதோன் சங்கம் இதையே உறுதியாக்கியது: ஒரே கிறிஸ்து, இரண்டு சுபாவம், கலவாமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல்.

ஆக, பிள்ளையிடம் "தெரியாதவரும் தெரிந்தவரும் ஒரே ஆள்தான்மா" என்று சொல்லுங்கள். எப்படி என்று கேட்டால், கால்செதோன் அதைச் சொல்லவில்லை. நாலு வேலி போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. என் அபிப்பிராயம், அது கெட்டிக்காரத்தனம். ஆனால் எகிப்திலும் சிரியாவிலும் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை, "இரண்டு சுபாவம்" என்பதே நெஸ்தோரியுஸ் பின்வாசல் வழியாக வருவதுதான் என்றார்கள். காப்டிக், சிரியன், ஆர்மீனிய, எத்தியோப்பிய சபைகள் இன்றும் கால்செதோனை ஏற்காதவை. 1973இல் ஆறாம் பவுல் போப்பும் காப்டிக் சபையின் மூன்றாம் ஷெனூடாவும், 1994இல் இரண்டாம் யோவான் பவுலும், நெஸ்தோரியுஸ் தரப்பு என்று சொல்லப்பட்டுவந்த கீழைச் சபையின் நாலாம் மார் தின்காவும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, கிறிஸ்துவைப் பற்றி நம் விசுவாசம் ஒன்றுதான் என்றார்கள். ஆயிரத்தைந்நூறு வருஷம் கழித்து!

செபமாலை_77:

கத்தோலிக்கத் தரப்பில் இருந்து ஒரு குறுக்கீடு. கால்செதோனுக்குப் பிறகு எல்லாம் தெளிவாகிவிட்டது போல எழுதியிருக்கிறீர்கள். இல்லை. ஆறாம் நூற்றாண்டில், அதே அலெக்சந்திரியாவில் தெமிஸ்தியுஸ் என்ற திருத்தொண்டர், இயேசு மனிதராக உண்மையிலேயே சிலவற்றை அறியாதிருந்தார் என்றார். அவர் கூட்டத்துக்கு "அறியாமைக்காரர்" என்றே பட்டப்பெயர். பெரிய கிரகோரி போப் கிபி 600 வாக்கில் அதைக் கண்டித்து எழுதினார். மனித இயல்பிலே அந்த நாளை அறிந்திருந்தார், மனித இயல்பிலிருந்து அல்ல என்பது அவர் விளக்கம். எனக்கு இது எப்போதும் வழுக்கிப் போகிற மாதிரிதான் இருக்கிறது.

மேற்கில் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக "அவருக்குத் தெரியும், நமக்குச் சொல்ல மாட்டார்" என்பதே செல்வாக்கான விளக்கம். 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாசும் இந்த வசனத்துக்கு அதையேதான் சொன்னார். ஆனால் அவரிடம் ஒரு நல்ல விஷயம்: இயேசு அனுபவத்தால் புதிதாகக் கற்றுக்கொண்டாரா என்ற கேள்விக்கு இளவயதில் இல்லை என்று எழுதியவர், கடைசிக் காலத்துப் பெருநூலில், முன்பு வேறு மாதிரி எழுதியிருந்தேன், இப்போது ஆம் என்கிறேன் என்று மாற்றினார். லூக்கா 2:52, இயேசு ஞானத்தில் வளர்ந்தார் என்கிறது அல்லவா, அதை வெறும் தோற்றம் என்று தள்ளிவிட அவருக்கு மனம் வரவில்லை.

வெறுமை_ஆனவர்:

ஏன் இவ்வளவு சுற்று? பிலிப்பியர் 2:7, "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து." எல்லாம் அறியும் வல்லமையைப் பரலோகத்தில் விட்டுவிட்டு வந்தார், அதனால் தெரியவில்லை. எங்கள் பாஸ்டர் இதைத்தான் சொல்வார், பிள்ளைக்கும் புரியும்.

பழஞ்சுவடி:

வசனம் பழசு, அந்த விளக்கம் புதுசு தம்பி. அதை இந்த வடிவத்தில் ஒரு கோட்பாடாகக் கட்டியவர்கள் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய லூத்தரன்கள், முக்கியமாக எர்லாங்கனின் தோமாசியுஸ். மனிதத்தன்மையை முழுசாக எடுத்துக்கொள்கிறது என்பதில் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஆங்கிலிக்கன் ஆயர் வில்லியம் டெம்பிள் 1924இல் ஒரு கேள்வி கேட்டார்: வார்த்தையானவர் பெத்லகேமில் வல்லமையெல்லாம் விட்டுக் குழந்தையாகக் கிடந்தபோது, மீதி உலகத்தைத் தாங்கியது யார்? எல்லாம் அவருக்குள் நிலைநிற்கிறது என்கிற கொலோசெயர் 1:17 என்னாவது? அத்தனாசியுஸ் இதை முன்பே யோசித்திருக்கிறார், உடலில் இருந்தபோதே அண்டம் முழுவதையும் அவர் தாங்கினார், உடலுக்குள் அடைபடவில்லை என்கிறார். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கல்வினும் அதே கட்சி. ஆனால் கல்வின் இந்த வசனத்தில் நழுவவில்லை, மனிதனாக அவருக்கு அந்த நாள் தெரியாதுதான், அதைச் சொல்வதில் வெட்கம் என்ன என்கிற தொனியில் எழுதுகிறார். எனக்குப் பிடித்த பதில் அதுதான்.

மத்தேயு பற்றி: பழைய கையெழுத்துப் பிரதிகளே இரண்டு விதமாக இருக்கின்றன. நாலாம் நூற்றாண்டு சினாய், வத்திக்கான் பிரதிகளில் மத்தேயுவிலும் "குமாரனும்" உண்டு. பிற்காலக் கிரேக்கப் பிரதிகளில் பெரும்பான்மையில் இல்லை, நம் பழைய மொழிபெயர்ப்பு அந்த வழியில் வந்தது. ஆரியர் இந்தச் சொல்லைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்று வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமே குறித்திருக்கிறார். சங்கடம் தாங்காமல் யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது பல ஆய்வாளர்கள் கருத்து. எடுத்தும் பிரயோஜனமில்லை, "பிதா ஒருவர் தவிர" என்பது அங்கேயே நிற்கிறதே.

தேரிக்காடு:

எல்லோருக்கும் நன்றி. "ஒரே ஆள்தான்" என்பதையும், லூக்கா 2இல் பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்ட சம்பவத்தையும் வைத்து ஆரம்பிக்கிறேன். தெரியாததால்தானே கேட்டிருப்பார். ஆனால் மாற்கு 14 அடுத்து வருகிறதே, "என் சித்தத்தின்படியல்ல". அதற்கும் எழுந்து நிற்பாள்.

மலைக்கு_இந்தப்பக்கம்:

நிற்பாள். அதற்குத் துறவி மாக்சிமுசைப் படியுங்கள். ஏழாம் நூற்றாண்டில், பிரிந்துபோன சபைகளைச் சேர்க்க வேண்டும் என்று கொன்ஸ்தாந்திநோப்பிள் அரசாங்கமே "கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்" என்று ஒரு சூத்திரத்தைக் கொண்டுவந்தது. மனித சித்தம் இல்லாதவன் கெத்செமனேயில் கீழ்ப்படிந்தான் என்பதற்கு அர்த்தமே கிடையாது என்று மாக்சிமுஸ் நின்றார். 662இல் நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடுகடத்தினார்கள், அந்த வருஷமே இறந்தார். 680–681இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய சங்கம் அவர் சொன்னதையே ஏற்று, இரண்டு சித்தம் என்றது, எதிர்த்தரப்பைப் பெயர் சொல்லிச் சபித்தது. அந்தப் பட்டியலில் ஹொனோரியுஸ் என்ற போப்பின் பெயரும் உண்டு. செபமாலை அக்கா, அதைப் பேச வேண்டுமென்றால் தனியாக ஒரு கேள்வி போடுங்கள், இங்கே தொடங்கினால் தேரிக்காட்டாருக்கு ஞாயிறு வந்துவிடும்.