மறுமொழி: ‘சக மதிப்பாய்வு’ போதுமா?

வணக்கம்.

> ‘சக மதிப்பாய்வு’ (peer review) ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் ஒருவர் விடையை மற்றவர் திருத்துவதற்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே, ஐயா?

வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆய்விதழுக்கு வந்த கட்டுரையைத் துறை அறிஞர் படித்துப் பார்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது. அங்கே கட்டுரையை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்பதுதான் கேள்வி. நாம் பேசுவதோ, கூடப் படிப்பவர் போடும் எண் மதிப்பெண் பட்டியலிலேயே ஏறுவதைப் பற்றி. ஒரு மாணவரின் தேர்ச்சி அதில் அடங்கியிருக்கிறது.

‘மாணவர் மதிப்பீடு’ என்ற பரிந்துரையும் உதவாது. மாணவரை மதிப்பிடுவதா, மாணவர் ஆசிரியரை மதிப்பிடுவதா என்ற குழப்பம் தீராது. ‘திருத்தம்’? பேச்சில் பேப்பர் திருத்துகிறோம், சரி. எழுத்தில் அது சட்டத் திருத்தம், பிழைத் திருத்தம் பக்கம் போய்விடுகிறது.

என் முன்மொழிவு: உடன்பயில்வோர் மதிப்பெண்ணிடல். ‘சகபாடி’ இலங்கையில் இயல்பான சொல். தமிழ்நாட்டில் அவ்வளவு பழக்கமில்லை. ‘உடன்பயில்வோர்’ இரு பக்கமும் புரியும். கருத்து மட்டும் எழுதித் தருவதை ‘உடன்பயில்வோர் பின்னூட்டம்’ எனலாம். இந்த இரண்டையும் கலக்கவே கூடாது. ஏனென்று சொல்கிறேன். மாணவர் மதிப்பெண்ணிடல் பற்றிய 48 ஆய்வுகளை நான்சி ஃபால்ச்சிகோவ், ஜூடி கோல்ட்ஃபின்ச் என்ற ஆய்வாளர்கள் 2000இல் தொகுத்துப் பார்த்தார்கள். மாணவர் இட்ட மதிப்பெண்ணுக்கும் ஆசிரியர் இட்டதற்கும் சராசரி ஒட்டுறவுக்கெழு (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.69. பல கூறுகளாகப் பிரித்துத் தனித்தனியே எண் போட்டபோது பொருத்தம் குறைந்தது; நன்கு புரிந்த அளவுகோல்களை மனத்தில் வைத்து மொத்தமாக மதிப்பிட்டபோது கூடியது. இதெல்லாம் எண்ணைப் பற்றிய பேச்சு. பின்னூட்டத்தின் பயனை இப்படி அளக்க முடியாது.

குழுப் பணியில் யார் எவ்வளவு உழைத்தார் என்று உறுப்பினர்களே சொல்வதற்குப் ‘பங்களிப்பு மதிப்பீடு’ போதும்.

அடுத்ததுதான் உண்மையில் சிக்கலானது. இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கணிதத் தேர்வு எழுதிய மாணவர்களே பிறகு விடைகளை மதிப்பிட்டார்கள். மதிப்பெண் திட்டம் எதுவும் தரப்படவில்லை. திரையில் இரண்டு விடைகள் பக்கத்தில் பக்கத்தில் வரும். எதில் புரிதல் அதிகம் தெரிகிறதோ அதைத் தேர்ந்தால் போதும், அடுத்த சோடி வந்துவிடும். பலரும் தேர்ந்தெடுத்தவற்றைச் சேர்த்து, ஒவ்வொரு விடையின் தரத்துக்கும் ஓர் அளவைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். இதற்கான கணித அடிப்படையை அமெரிக்க உளவியலாளர் தர்ஸ்டன் 1927இலேயே எழுதிவிட்டார். இங்கே மாணவர் யாரும் எண் இடுவதில்லை; ஆகவே ‘மதிப்பெண்ணிடல்’ பொருந்தாது. ‘ஒப்பீட்டுத் தீர்ப்பு’ (comparative judgement) என்று சிலர் எழுதலாம், எனக்கு அதில் நீதிமன்ற வாடை அடிக்கிறது. இரண்டை நிறுத்துப் பார்ப்பதற்குத் தமிழில் ‘சீர்தூக்கல்’ இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ‘சோடிச் சீர்தூக்கல்’ என்று வைப்போம்.

இன்னொன்றுக்கு எனக்குச் சொல் அமையவில்லை. இணையவழிக் கற்றலுக்கான மூடில் (Moodle) மென்பொருளின் பயிலரங்கப் (Workshop) பகுதியில் மாணவருக்கு இரண்டு மதிப்பெண் உண்டு. ஒன்று அவர் எழுதிய விடைக்கு, மற்றொன்று பிறர் விடையை எவ்வளவு நன்றாக மதிப்பிட்டார் என்பதற்கு. இந்த இரண்டாவதற்கு ‘மதிப்பிட்டமைக்கான மதிப்பெண்’ என்றால் பொருள் சரிதான், ஆனால் அட்டவணைத் தலைப்பில் அடங்காது. இலங்கையில் மதிப்பெண்ணைப் ‘புள்ளி’ என்பார்கள்; அங்குள்ள நண்பர்கள் அதை வைத்து ஏதேனும் சுருக்கமாக யோசித்தால் எழுதுங்கள்.