'துணை அமைச்சர்' என்றால் யாருக்குத் துணை?

நண்பர்களே,

பிரிட்டனில் ஒழுங்குமுறைச் சீர்திருத்தத்தை, அதாவது தொழில்கள் மீதும் மற்றவர்கள் மீதும் அரசு வைக்கும் விதிகளைச் சீர்படுத்தும் வேலையை, கவனிக்கும் கடைசிப் படி அமைச்சரைத் தமிழில் 'ஒழுங்குமுறைச் சீர்திருத்தத் துணை அமைச்சர்' என்றே எழுதிவிடலாம் என்கிறீர்கள். எனக்கு ஒரு தயக்கம். அப்படி எழுதினால், அவருக்கு மேலே 'ஒழுங்குமுறைச் சீர்திருத்த அமைச்சர்' என்று ஒருவர் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றிவிடும். மேலே இருப்பவரோ ஒரு முழுத் துறைக்கு, பல சமயம் வணிகத் துறைக்கு, அமைச்சர். சீர்திருத்தம் அவர் துறையில் ஒரு மூலை.

அங்கே அமைச்சர்களில் மூன்று படி. கடைசிப் படியின் பெயர் 'பார்லிமெண்டரி அண்டர் செக்ரட்டரி'. சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'நாடாளுமன்றச் சார்புச் செயலாளர்' என்று போட்டால், கோப்பைத் தூக்கிவரும் அதிகாரி என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'இணை அமைச்சர்' தில்லியில் காபினெட்டுக்கு அடுத்த படிக்கு ஊன்றிப்போன சொல். இலங்கையில் 'இராஜாங்க அமைச்சர்' என்பார்கள். இரண்டையும் நடுப்படிக்கு விட்டுவைப்போம். 'இளநிலை அமைச்சர்' வேண்டவே வேண்டாம், இளநிலை உதவியாளர்தான் கண்முன் வருகிறார்.

படியையும் பொறுப்பையும் பிரித்துவிட்டால் என்ன? 'துணை அமைச்சர், ஒழுங்குமுறைச் சீர்திருத்தப் பொறுப்பு'. நீளம்தான், ஆனால் குழப்பமில்லை.

அப்புறம், 'ஒழுங்குமுறைச் சீர்திருத்தம்' என்பதற்குப் பதில் 'விதித்தளர்வு' என்று ஒருவர் முன்மொழிந்தது. சொல் அழகு, பொருள் பாதி. பிரிட்டனில் 2006இல் வந்த 'சட்டமியற்றல், ஒழுங்குமுறைச் சீர்திருத்தச் சட்ட'த்தின் முதல் பிரிவு, சுமையைக் குறைக்க ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை அமைச்சர்களுக்குத் தருகிறது. பணச்செலவு மட்டுமல்ல, நிர்வாகத் தொல்லை, செயல்திறனுக்குத் தடை, தண்டனை எல்லாமே அங்கே 'சுமை'. இதுவரை 'தளர்வு' பொருந்தும். இரண்டாம் பிரிவு வேறு: ஒழுங்குபடுத்துவோர் வெளிப்படையாக, பதில் சொல்லும் கடமையோடு, அளவறிந்து, ஒரே சீராக, தேவையான இடத்தில் மட்டும் தலையிட வேண்டும் என்பதற்காக ஆணையிடலாம். இதில் எதைத் தளர்த்துகிறார்கள்? எனவே 'சீர்திருத்தம்' இருக்கட்டும்.

2011இல் அங்கே அரசுத் துறைகளுக்கு ஒரு விதிமுறை வந்தது: தொழில்களுக்குச் செலவு வைக்கும் புது விதி ஒன்று கொண்டுவந்தால், அதே அளவு செலவை வேறு எங்காவது குறைக்க வேண்டும். எண்ணியது விதிகளை அல்ல, செலவை. இதற்கு 'ஒன்று புக ஒன்று கழிதல்' என்று வைக்கலாமா? காதுக்குப் பழகின ஓசை. 2013இல் கணக்கை இரட்டிப்பாக்கினார்கள். அப்போது 'ஒன்று புக இரண்டு கழிதல்' என்று மாற்றிக்கொண்டால் சரி.