தெருவில் டிப்பர் ஓட்டத்துக்கு நேரக் கட்டுப்பாடு வாங்கியவர்கள் உண்டா?

இடம்: சென்னை தெற்குப் புறநகர், ஊராட்சிச் சாலை. அகலம் 18 அடி, பாதியில் ஒரு சிறுபாலம். தெருக் கடைசியில் அடுக்குமாடி வேலை தொடங்கி ஏழு மாதம் ஆகிறது.

இரவு 11 முதல் விடியற்காலை 4 வரை ஜல்லி, எம்-சாண்ட் டிப்பர்கள் வருகின்றன. தளம் போடும் நாளில் ரெடிமிக்ஸ் லாரிகளும் வரிசை கட்டும். 6 கன மீட்டர் கான்கிரீட் மட்டுமே 14 டன்னுக்கு மேல். வண்டி எடை தனி. பாலத்தின் கைப்பிடிச் சுவர் விரிசல் விட்டுவிட்டது, அதன் அடியில் போகும் குடிநீர்க் குழாய் இரண்டு முறை உடைந்தது. ஓரம் சரிந்து மழைநீர்க் கால்வாயும் அடைபட்டுக் கிடக்கிறது.

செய்தவை: காவல் நிலையத்தில் மனு (மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது உண்டு), ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை மனு, வண்டி எண்ணும் நேரமும் தெரியும்படி 40 படங்கள். கட்டுமான நிறுவனம் பகலில் ஓட்டுவதாக வாயால் சொன்னது; ஒரு வாரம்தான் நடந்தது. தளம் போடும் வேலையை நடுவில் நிறுத்த முடியாது என்பது நியாயம். ஜல்லிக்கு அந்தச் சாக்கு செல்லாது.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டருக்கு மேல் என்பதால் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம்; அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை, மேல்முறையீடு போட்டாயிற்று.

மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆம் பிரிவின்படி ஒரு குறிப்பிட்ட சாலையில் கனரக வண்டிகளைத் தடுக்கலாம். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிப்பும் வேண்டாம்.

ஊராட்சிச் சாலைக்கு இந்தப் பிரிவில் உத்தரவு வாங்கியவர்கள், மனுவை யாரிடம் கொடுத்தீர்கள், கூடவே எந்த ஆவணங்களை வைத்தீர்கள்?