லைட் போட்டதும் கொடுவா மீன் குஞ்சு சுவரில் மோதிச் சாகிறது, என்ன செய்யலாம்?

கொள்ளிடக்கரை எழுதியது:
எல்லோருக்கும் வணக்கம். சீர்காழிப் பக்கம் ஷெட் போட்டு, ஆறு ஃபைபர் தொட்டியில் கொடுவாக் குஞ்சு வளர்க்கிறேன். ஒரு அங்குலத்தில் வாங்கி, நாலு அங்குலம் வந்ததும் குளத்துக்காரர்களுக்குக் கொடுப்பேன். இது இரண்டாவது பேட்ச்.

தினமும் விடிகாலை நாலரைக்குப் போய் டியூப் லைட் போடுவேன். போட்ட நொடியே தொட்டிகளில் சடசடவென்று சத்தம். குஞ்செல்லாம் சுவரில் போய் மோதுகிறது, இரண்டு மூன்று வெளியே விழுந்து தரையில் துடிக்கிறது. அப்புறம் ரொம்ப நேரம் மூலையில் ஒண்டிக்கொண்டு தீனிக்கே வருவதில்லை. செத்து மிதப்பதை எடுத்துப் பார்த்தால் மூக்கு நுனி சிவந்து தோல் உரிந்திருக்கிறது. நோய் என்று நினைத்து மருந்துக்கு நாலாயிரம் செலவழித்துவிட்டேன்.

இன்னொன்று, 24 மணி நேரமும் வெளிச்சம் விட்டால் சீக்கிரம் வளரும், பச்சை எல்இடி போட்டால் இன்னும் நல்லது என்கிறார்கள். உண்மையா?

ஹேச்சரிக்காரன் எழுதியது:
தம்பி, முதலில் அந்த மருந்தை நிறுத்துங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது மோதிய காயம்தான்.

மீனுக்கு இமை கிடையாது. வெளிச்சம் பட்டால் நம் கண்மணி சட்டென்று சுருங்கும், பெரும்பாலான எலும்பு மீன்களுக்கு அப்படிச் சுருங்காது. அதற்குப் பதிலாக விழித்திரைக்குள் இருக்கும் கருநிறமி மெல்ல நகர்ந்து, இருட்டில் பார்க்கும் செல்களை மூடும். அது முழுதாக நடக்க அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை உங்கள் குஞ்சுக்குக் கண் கூசிச் சுவர் எது, தண்ணீர் எது என்று தெரியாது. வெளியே பொழுது விடியும்போது அந்த அவகாசம் தானாகவே கிடைக்கிறது, சுவிட்ச் அதைக் கொடுப்பதில்லை. முதலில் ஒரு ஜீரோ வாட் பல்பைச் சுவரைப் பார்த்தாற்போல் எரியவிடுங்கள். முக்கால் மணி கழித்து டியூப் லைட். அணைக்கும்போதும் இதே மாதிரி, தலைகீழாக.

கண் மட்டுமில்லை, மீனின் மூளைக்கு மேலே பினியல் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. மண்டையோடு வழியாக வரும் வெளிச்சத்தை அது நேராகவே உணரும். இருட்டில் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், வெளிச்சம் வந்தால் குறைக்கும். ராவும் பகலும் எவ்வளவு நீளம் என்று உடம்புக்குச் சொல்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் ராத்திரி முழுக்க லைட் போடுவதைச் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொடுவாக் குஞ்சு கண்ணால் பார்த்து இரை பிடிக்கிற மீன். ராத்திரி வெளிச்சம் இருந்து தீனி இல்லையென்றால் பெரியது சின்னதை விழுங்கும். நீங்கள் விழித்திருந்து தீனி போட முடியுமானால் யோசிக்கலாம், முடியாதென்றால் வேண்டாம்.

நான் பட்டதையும் சொல்கிறேன். புதிதாகப் பொரித்த குஞ்சு விடும் எங்கள் லார்வாத் தொட்டி ஒன்றுக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தது. இரையாகப் போட்ட ஆர்டீமியா (இறால் இனத்துப் பொடி உயிர்) முழுக்க அந்த வெளிச்சம் விழுகிற மூலையில் ஆரஞ்சு நிறத்தில் திட்டாகக் கூடும். குஞ்சும் அங்கேயே போய் நெருக்கியடிக்கும். ஒரு காலையில் குனிந்து பார்த்தபோது, ஒரு குஞ்சின் வாயிலிருந்து இன்னொன்றின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சம் தொட்டி முழுக்கச் சமமாக விழாததுதான் காரணம். ஜன்னலுக்கு நிழல்வலை கட்டி, தண்ணீரில் குளோரெல்லா என்ற நுண்பாசி சேர்த்துப் பச்சையாக்கினோம். வெளிச்சம் சிதறியது, ஆர்டீமியா பரவியது, குஞ்சும் பரவியது. ஆர்டீமியா பொரித்ததை ஓட்டிலிருந்து பிரிக்கவும் வெளிச்சத்தை நோக்கிப் போகும் இதே குணத்தைத்தான் பயன்படுத்துகிறோம். காற்றை நிறுத்தி, மேலே கறுப்புத் துணி மூடி, கீழே பல்பு காட்டினால் ஆர்டீமியாக் குஞ்சு கீழே இறங்கிவிடும், ஓடு மேலே மிதக்கும்.

வடகடல் எழுதியது:
நான் நார்வேயில் சால்மன் கூண்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். அந்த 24 மணி நேரக் கதை இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஜனவரி வாக்கில் கூண்டுக்குள் விளக்கை இறக்கிக் கோடை தொடங்கும்வரை விடாமல் எரியவிடுவோம். முதல் நோக்கம், மீன் சீக்கிரம் பருவமடையாமல் தடுப்பது. பருவமடைந்துவிட்டால் தின்றதெல்லாம் சினைக்குப் போகும், சதை வெளுத்துத் தரம் கெடும். நன்னீர்ப் பொரிப்பகத்திலும் வெளிச்சம்தான் கடிகாரம். சுமார் ஆறு வாரம் 12 மணி நேரம் இருட்டு கொடுத்து, பிறகு முழு நேர வெளிச்சத்துக்கு மாற்றுவார்கள். குஞ்சு வெள்ளியாக மின்னத் தொடங்கி, கடல் நீரைத் தாங்கத் தயாராகும்.

ஆனால் இங்கே வடக்கே டிரோம்சோ ஊரில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுவரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. உங்கள் சீர்காழியில் நீண்ட பகலுக்கும் குட்டைப் பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். சால்மன் கணக்கை அப்படியே கொடுவாவுக்குப் போடாதீர்கள். கொடுவா அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி முட்டையிடுகிற மீன்.

பச்சை விளக்கு விஷயம் பொய்யில்லை. ஜப்பானில் ஹிராமே, மட்சுகாவா என்ற தட்டை மீன்கள் பச்சை வெளிச்சத்தில் வேகமாக வளர்ந்திருக்கின்றன. அவை தரையோடு படுத்துக் கிடக்கிற மீன்கள். அதை நம்பி ஆறு தொட்டிக்கும் பணம் போடாதீர்கள்.

கொள்ளிடக்கரை எழுதியது:
பத்து நாள் ஆயிற்று அண்ணா. நாலு மணிக்கு ஜீரோ வாட், நாலே முக்காலுக்கு டியூப் லைட். முதல் நாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரோரத்திலிருந்து பிரிந்து, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனைச் சுற்றி நடுவுக்கு வந்தன. டியூப் லைட் போட்டபோது ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான். தரையில் ஒன்றுகூட விழவில்லை. மூக்குச் சிவப்பும் புதிதாக இல்லை. ராத்திரி கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால் டியூப் லைட் தானாக எரிந்துவிடுகிறதே, அதற்கு என்ன வழி?

ஹேச்சரிக்காரன் எழுதியது:
ஜெனரேட்டர் லைனில் ஏரேட்டரும் ஜீரோ வாட்டும் மட்டும் இருக்கட்டும். டியூப் லைட்டை அதிலிருந்து பிரித்துத் தனி சுவிட்சில் போடச் சொல்லுங்கள்.